சனிக்கிழமை வந்த பக்கவாதம், திங்கள்கிழமை வந்த டாக்டர்

கேள்வி: டாக்டர், நாங்கள் பழனி பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆறேகாலுக்கெல்லாம் பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். ஸ்கேன் எடுப்பவர் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்து எடுக்கும்போது ஏழே முக்கால். "ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். நியூரோ டாக்டர் திங்கள்கிழமை வருவார்" என்று சொல்லி அட்மிட் செய்து டிரிப் போட்டார்கள். ஞாயிறு காலையில் அம்மா கஞ்சி கொடுத்தபோது புரையேறியது. ராத்திரி காய்ச்சல், சளி. திங்கள்கிழமை வந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டிருக்கலாமே" என்றார். இப்போது அப்பா பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை அசையவில்லை. பேச்சு ஓரிரு சொல்தான். இதே வாரநாளாக இருந்திருந்தால் அப்பா பழையபடி எழுந்திருப்பாரா? சனி, ஞாயிறு பெரிய டாக்டர் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்தலாமா? நேராகச் சென்னைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அண்ணன் என்னைத் திட்டுகிறார், கேஸ் போட வேண்டும் என்கிறார். கஞ்சி கொடுத்த அம்மா தன்னால்தான் எல்லாம் என்று அழுகிறார். இன்னொன்று: போன ஞாயிறு எங்கள் சித்தப்பாவுக்குப் பத்து நிமிடம் இடது கை மரத்து, நாக்குக் குழறியது. தானே சரியாகிவிட்டது. திங்கள்கிழமை காட்டிக்கொள்ளலாம் என்றவர் இன்னும் போகவில்லை.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரிக்கு, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்குத்தான் முதல் பதில். சித்தப்பா காத்திருக்கக் கூடாது. கடிதம் கிடைத்த அன்றே இதை உங்களுக்குத் தனியாக எழுதினேன், நீங்களும் அவரை உடனே அழைத்துப் போய்விட்டீர்கள். ஆனால் இதே நிலையில் வீட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள். எங்களுக்கு அங்கேதான் பயம் ஆரம்பிக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு சின்ன ரத்தக்கட்டி சிக்கி, அதிர்ஷ்டவசமாகக் கரைந்திருக்கிறது. அடுத்ததும் அப்படிக் கரையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது, 2007-இல் வெளியானது. இப்படி வந்து போனவர்களையும் லேசான பக்கவாதம் வந்தவர்களையும் முதலில் வழக்கமான முறையில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துப் பார்த்து, மருந்தை அவரவர் குடும்ப மருத்துவர் ஆரம்பிக்கும்படி விட்டார்கள். 90 நாளுக்குள் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் மறுபடி பக்கவாதம் வந்தது. பிறகு முறையை மாற்றி, வந்த அன்றே பார்த்து அன்றே மருந்தை ஆரம்பித்தார்கள். அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை வகையறாதான். சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவே. ஆகவே இது திங்கள்கிழமை ஓ.பி.யில் டோக்கன் போட்டுக் காட்டுகிற சங்கதி இல்லை. ஞாயிறானாலும் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஆஸ்பிரினை வாயில் போட்டுவிட வேண்டாம். மாரடைப்புக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சிலர் இதற்கும் செய்கிறார்கள். உள்ளே கசிவாக இருந்தால் அது கெடுதல்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், ஒரு வாய்ப்பு கைநழுவியது உண்மை. ஆனால் அது நீங்கள் ராத்திரியெல்லாம் நினைத்துப் புழுங்கும் அளவுக்குப் பெரிய வாய்ப்பு அல்ல.

கணக்கைப் பாருங்கள். ஐந்தரைக்கு வந்தது. ஏழே முக்காலுக்கு ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ராத்திரி பத்து மணி வரை நேரம் இருந்தது. அல்டிப்ளேஸ் என்ற அந்த ஊசி 3 மணி நேரத்துக்குள் பலன் தரும் என்று 1995-இல் அமெரிக்க ஆய்வும், நாலரை மணி நேரம் வரை தரும் என்று 2008-இல் ஐரோப்பிய ஆய்வும் காட்டின. எவ்வளவு பலன் என்பதுதான் உங்கள் கேள்வி. ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 3 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேர் கிட்டத்தட்ட முழுசாக மீண்டார்கள். ஊசி பெறாதவர்களிலும் 23 பேர் அப்படி மீண்டார்கள். மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ஊசி பெற்றவர்களில் 35 பேர், பெறாதவர்களில் 30 பேர். அதாவது ஊசி போட்டிருந்தாலும் நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு குறையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். ஊசியால் மூளைக்குள் மோசமாக ரத்தம் கசிவது நூற்றில் ஆறேழு பேருக்கு நடக்கிறது. பிரஷர் 185-க்கு 110-க்குக் கீழே வராவிட்டால் ஊசியே போட மாட்டோம். அன்று அப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை.

இவ்வளவு எண்களைக் கொட்டுவது அந்த மருத்துவமனைக்கு வக்காலத்து வாங்க அல்ல. பத்துப் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பலன் எங்கள் துறையில் பெரிய விஷயம். அடைத்த பெரிய குழாய் ஒன்றால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகின்றன என்பது பலர் கேள்விப்பட்ட கணக்கு. நான் சொல்ல வருவது இதுதான்: "ஊசி போட்டிருந்தால் அப்பா நன்றாக இருந்திருப்பார், போடாததால் இப்படி ஆகிவிட்டார்" என்று ஒரே கோடாக வீட்டில் யாரும் இழுத்துவிட வேண்டாம்.

எனக்கு ஊசியைவிட அதிகம் உறுத்துவது வேறொன்று. வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போனது என்றால் இடது மூளைக்குப் போகும் பெரிய குழாய் ஒன்றே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதிரிப் பெரிய கட்டிகள் ஊசிக்கு அவ்வளவாகக் கரைவதில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே வெளியே இழுத்து எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. 2015-இல் வரிசையாக ஐந்து ஆய்வுகள் வந்து அதை உறுதிசெய்தன. அப்போது 6 மணி நேரம் என்றார்கள். 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள், மூளையில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி இருக்கிறதா என்று படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அடைப்பு வந்து 16 மணி நேரம், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று காட்டின. ஆகவே சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கதவு முழுசாக மூடிவிடவில்லை. கோவைக்கோ மதுரைக்கோ கேட்டிருந்தால், ஞாயிறு காலைகூட "ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கக்கூடும். கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. டூட்டி டாக்டர் ஒரு போன் செய்தால் முடிகிற வேலை அது.

சரி, வாரநாளாக இருந்திருந்தால்? செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி என்றால் அநேகமாக ஊசி போட்டிருப்பார்கள். அதே செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணி என்றால் எனக்குச் சந்தேகம்தான். வார இறுதியில் வரும் பக்கவாத நோயாளிகள் கொஞ்சம் அதிகமாக இறக்கிறார்கள் என்று 2007-இல் கனடாவில் பெரிய அளவில் ஆராய்ந்து சொன்னார்கள். இங்கிலாந்தில் இது அரசியலாகவே ஆகி, ஏழு நாள் மருத்துவமனை என்ற பேச்சில் தொடங்கி, 2016-இல் இளம் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் வரை போனது. அதே ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் 74,000-த்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளை, வந்த நாள், நேரம் வாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. வார இறுதிக்கும் வாரநாளுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. வாரநாள் ராத்திரியில் வந்தவர்கள்தான் சற்றுப் பின்தங்கினார்கள். பத்து ஆண்டுக்குள் அங்கே சனி, ஞாயிறு பகலைச் சரிசெய்துவிட்டார்கள், இரவு மிச்சம் இருந்தது என்று நான் அதைப் படித்தேன். நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

இதோடு தொடர்புள்ள இன்னோர் ஆய்வை நான் எல்லா மருத்துவமனை நிர்வாகிகளிடமும் சொல்வதுண்டு, பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. 2014-இல் வந்தது, இதுவும் இங்கிலாந்துதான். நூற்றுக்கு மேற்பட்ட பக்கவாதப் பிரிவுகளில், சிறப்பு மருத்துவர் ஏழு நாளும் ரவுண்ட்ஸ் வருகிறாரா, வார இறுதியில் படுக்கைக்கு எத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் தனித்தனியே பார்த்தார்கள். டாக்டர் ஏழு நாள் வருவதற்கும் இறப்புக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நர்ஸ் எண்ணிக்கைக்கு நன்றாகவே இருந்தது. பத்துப் படுக்கைக்கு ஒன்றரை நர்ஸ் இருந்த இடங்களில் வார இறுதியில் சேர்ந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15. மூன்று நர்ஸ் இருந்த இடங்களில் 11.

நர்ஸ் அப்படி என்ன செய்துவிடுவார் என்று கேட்டால், உங்கள் ஞாயிற்றுக்கிழமையையே பதிலாகச் சொல்வேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்கள் விழுங்குவதில் குறை இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. வாய்க்கு எதையும் கொடுப்பதற்கு முன்னால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, வாயோரம் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. நியூரோ டாக்டர் தேவையே இல்லை, பழகிய நர்ஸ் போதும். தேறவில்லை என்றால் மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுப்போம். அப்பாவுக்கு அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கஞ்சி நுரையீரலுக்குள் போய், ராத்திரி காய்ச்சலாக வந்தது. மூளை அடிபட்ட முதல் மூன்று நாளில் காய்ச்சல் வருவது அடிபட்ட இடத்தை மேலும் கெடுக்கும். சர்க்கரை ஏறுவதும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் இந்த மூன்றை மட்டும் நர்ஸ்கள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். முதல் 72 மணி நேரம் ஒழுங்காகக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பு இருந்த இடங்களில் மூன்று மாதம் கழித்து இறந்தோ பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாமலோ போனவர்கள் நூற்றுக்கு 58, பயிற்சி பெற்ற இடங்களில் 42. அந்த விலையுயர்ந்த ஊசியால் கிடைப்பதைவிடப் பெரிய வித்தியாசம் இது. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்பதால்தானோ என்னவோ, யாரும் இதைப் போர்டில் எழுதி விளம்பரம் செய்வதில்லை.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பசியோடு கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி கொடுத்தது அவர் தப்பில்லை. "வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது" என்று கட்டிலில் ஓர் அட்டையை மாட்டி, வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது மருத்துவமனையின் வேலை.

சனி, ஞாயிறு பெரிய டாக்டர் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தாலுகா அளவில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஞாயிறு ராத்திரி நரம்பியல் நிபுணர் உட்கார்ந்திருப்பது நடக்காத காரியம். அங்கே திங்கள், வியாழன் என்று வருகிறவர் பெரும்பாலும் கோவையிலோ மதுரையிலோ வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து போகிறவர். ஓர் இடத்தில் 365 நாளும் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் முறை வைத்துப் பார்க்க ஐந்தாறு பேராவது வேண்டும். பல மாவட்டங்களில் மொத்த நிபுணர்களே அவ்வளவுதான் இருப்பார்கள்.

லண்டன் என்ன செய்தது தெரியுமா? அங்கே 30-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பக்கவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை டாக்டரைத் தேடி அலையாமல், 2010-இல் எட்டே எட்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அங்கே ஏழு நாளும் 24 மணி நேரமும் ஸ்கேன், நிபுணர், பழகிய நர்ஸ்கள். ஆம்புலன்ஸ் பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி நேராக அந்த எட்டில் ஒன்றுக்குத்தான் போகும். இறப்பு குறைந்தது. மான்செஸ்டரிலும் இதே போல ஆரம்பித்தார்கள். ஆனால் முதலில், பக்கவாதம் வந்து 4 மணி நேரத்துக்குள் இருப்பவர்களை மட்டும்தான் சிறப்பு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இறப்பு விகிதம் மற்ற ஊர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. பிறகு 2015-இல் எல்லாரையும் அனுப்பும்படி மாற்றினார்கள். ஊசிக்கு நேரம் தாண்டியவர்களுக்கும் அந்தக் கவனிப்பு தேவை என்பது இதில் தெரிகிறது. நம் ஊரில் "ஊசி டைம் முடிந்துவிட்டது, இனி எங்கே இருந்தாலும் ஒன்றுதான்" என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒன்றில்லை.

தூரம் அதிகமுள்ள ஊர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் நரம்பியல் நிபுணர் கிடையாது, மலைப்பாதையில் நோயாளியை அனுப்பவும் முடியாது. அங்கிருக்கும் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பவைத்து, தூரத்தில் இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்ல, அவர்களே ஊசி போட்டார்கள். ஊசியை அரசு இலவசமாகக் கொடுத்தது. ஞாயிறு ராத்திரி நிபுணர் வீட்டில் இருக்கலாம், போன் மட்டும் கையில் இருந்தால் போதும். அல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்து ஒரே ஊசியாகப் போய்விடும் என்பதால் சின்ன இடங்களிலும் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடலாம். நம்மிடம் இந்த மருந்து பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே அந்த மருத்துவமனை மீது என் குறை, ஞாயிற்றுக்கிழமை நியூரோ டாக்டர் இல்லை என்பதல்ல. ஊசி போட வழியில்லை என்று தெரிந்த நிமிடமே "இங்கே முடியாது, இன்ன இடத்துக்குப் போங்கள், நாங்கள் போன் செய்து சொல்லிவிடுகிறோம்" என்று வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அட்மிட் செய்து டிரிப் போட்டுத் திங்கள் வரை வைத்திருந்தார்களே, அதுதான் தவறு.

கேஸ் போடுவது பற்றி நான் சொல்ல முடியாது, அது வக்கீலின் வேலை. ஆனால் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. வழக்கோ இல்லையோ, அப்பாவின் மேல்சிகிச்சைக்கு அது வேண்டும். தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு உண்டு. நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்பலாம்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. பழனியிலிருந்து சென்னைக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். ஐந்தரைக்கு விழுந்தவரை நேராகச் சென்னைக்குக் கிளப்பியிருந்தால் விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் முதல் ஸ்கேனே நடந்திருக்கும், வழியில் ஊசிக்கான நேரமும் முடிந்திருக்கும். நீங்கள் முக்கால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்தீர்கள். புறா ரத்தம் தடவுகிறேன், காற்றுப் பட்டிருக்கிறது என்று யாராவது சொல்வதைக் கேட்டு அரை நாளைக் கழித்துவிட்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். உங்கள் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை, அது உங்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வழியும் இல்லை.

இனி தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவும் இருக்கிறார், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்தும் உண்டு. இந்த வாரமே, ஒரு வேலைநாளில், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றையும், தனியார் ஒன்றிரண்டையும் விசாரித்துவிடுங்கள். "நியூரோ டாக்டர் இருக்கிறாரா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள், போர்டில் பெயர் இருக்கும். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு ஸ்கேன் எடுப்பவர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா என்று கேளுங்கள். கட்டி கரைக்கும் ஊசி மருந்துக் கடையில் எப்போதும் இருப்பில் இருக்குமா, போன மாதம் யாருக்காவது போட்டீர்களா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்திலேயே பாதி தெரிந்துவிடும். தனியார் இடங்களில் ஊசியின் விலையே பல பத்தாயிரம், முன்பணம் கட்டினால்தான் போடுவோம் என்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் மாரடைப்பு, விபத்தோடு பக்கவாதமும் ஒரு பிரிவாக இருக்கிறது. வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் கடைசிப் புகலிடம் என்று நினைக்கும் குடும்பங்கள், பக்கவாதத்துக்கு ஞாயிறு ராத்திரி பெரிய அரசு மருத்துவமனை பல தனியார் இடங்களைவிட விழித்திருக்கும் என்பதை நம்புவதில்லை. 108-ஐ அழைத்தால் "கை கால் விழுந்துவிட்டது, இத்தனை மணிக்கு வந்தது" என்று நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். தூங்கி எழும்போதே வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். பிரஷர் 200 இருக்கிறதே என்று போகும் வழியில் யாராவது நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துத் தடாலென்று இறக்கப் பார்த்தால் தடுங்கள், அடைப்பில் அது கெடுதல்.

அப்பாவுக்கு இப்போது என்ன செய்வது? ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் மூன்று மாதம் மீட்சி வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நிற்பதில்லை, மெதுவாகும். கை அசையவில்லை என்று பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கி வலி பிடித்துக்கொள்ளும். பேச்சுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பவர்கள் உண்டு. பேசவரவில்லை என்பதால் புரியவில்லை என்று நினைத்து அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது பல வீடுகளில் நடக்கிறது. அவருக்குப் பெரும்பாலானவை புரியும். சாப்பாடு வெறுத்து, யாரையும் பார்க்காமல், அழுதுகொண்டே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு சர்வசாதாரணம், மருந்தும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் போட்டால் ரத்தக்குழாய் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைப் பிசியோவுக்குக் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அப்பாவுக்கு அடைப்பு ஏன் வந்தது என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் இல்லை, எக்கோ இல்லை, ஈ.சி.ஜி. பற்றி ஒரு வரிகூட இல்லை. சிலருக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அதனால் இதயத்துக்குள் கட்டி உருவாகி மூளைக்குப் போகும். அப்படியென்றால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும். சிலருக்கு அந்தத் தாளத் தப்பு விட்டு விட்டு வரும் என்பதால் ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டிப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் பரிசோதனையும் தேவைப்படலாம். இப்போது கொடுத்திருக்கும் மாத்திரை எதையும் நிறுத்தாமல், இந்த வாரம் ஒரு ஈ.சி.ஜி.யும் டாப்ளரும் எடுத்துவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று அதை வைத்து உங்கள் டாக்டரிடம் பேசுகிறேன்.